யார் இந்த எட்கர் காட்? உங்க போனுக்குள்ள இருக்கிற 'டேபிள்' கணக்கை உலகத்துக்குக் கொடுத்தவர்! விருத்தாசலம் பீங்கான் ஆர்டர் நோட்டு வழியா ஒரு எளிய விளக்கம்

காண்டாக்ட் லிஸ்ட்டில் ஒரு பெயரின் முதல் இரண்டு எழுத்தை அடித்ததும் நம்பர் வந்து நிற்கிறது. வாட்ஸ்அப்பில் ஆறு மாசத்துக்கு முன்னாடி வந்த மெசேஜைத் தேடினாலும் உடனே கிடைக்கிறது. எப்படி?

ஆண்ட்ராய்டு போன்களுக்குள் எஸ்க்யூலைட் என்று ஒரு குட்டி டேட்டாபேஸ் இருக்கிறது. காண்டாக்ட், எஸ்எம்எஸ், வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாமே அதற்குள் டேபிள் டேபிளாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. வங்கி, மருத்துவமனை, ஆன்லைன் கடை, அரசு அலுவலகம் என எங்கே போனாலும் பெரும்பாலும் இதே ஏற்பாடுதான்.

இதற்கு ரிலேஷனல் டேட்டாபேஸ் என்று பெயர். இந்த யோசனையை 1970-ல் முன்வைத்தவர் எட்கர் ஃபிராங்க் காட். நண்பர்களுக்கு டெட் காட். இன்று ஐடி வேலைக்கு இன்டர்வியூ போகும் ஒவ்வொரு மாணவரும் படிக்கும் பாடம் இவருடையது. ஆனால் இவர் வேலை பார்த்த கம்பெனியே ஆரம்பத்தில் இவர் யோசனையை பெருசா கண்டுக்கல. அந்தக் கதையையும், அந்த யோசனை என்ன என்பதையும் சேர்த்தே பார்க்கலாம்.

தீவில் பிறந்தவர், போர் விமானத்தில் பறந்தவர்

இங்கிலாந்தின் தெற்குக் கரையில் டார்செட் மாவட்டம். அங்கே போர்ட்லாந்து என்ற சின்னத் தீவு. 1923 ஆகஸ்ட் 19-ல் அங்கேதான் காட் பிறந்தார். அப்பா தோல் பொருட்கள் தயாரிப்பவர். அம்மா பள்ளி ஆசிரியை. ஏழு பிள்ளைகளில் இவர்தான் கடைக்குட்டி.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் எக்ஸிடர் கல்லூரியில் கணிதமும் வேதியியலும் படித்தார். நடுவில் இரண்டாம் உலகப் போர் வந்துவிட்டது. பிரிட்டிஷ் விமானப் படையில் சேர்ந்து, கடலோரக் காவல் பிரிவில் சண்டர்லேண்ட் வகை விமானங்களை ஓட்டினார். தண்ணீரில் இறங்கி தண்ணீரிலிருந்தே கிளம்பும் பெரிய விமானங்கள் அவை.

போர் முடிந்ததும் விட்ட படிப்பை முடித்தார். 1948-ல் அமெரிக்கா போனார். அடுத்து ஐபிஎம் நிறுவனத்தில் புரோகிராமர் வேலை. அன்றைக்குக் கம்ப்யூட்டர் என்றால் ஒரு ஹால் முழுக்க நிற்கும் இயந்திரம். அதற்கு வேலை சொல்லத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே ரொம்பக் குறைவு. அந்தச் சிலரில் காட் ஒருவர்.

வேலையை விட்டார், நாட்டையும் விட்டார்

1950-களின் தொடக்கத்தில் அமெரிக்க அரசியலில் செனட்டர் ஜோசப் மெக்கார்த்தியின் காலம். கம்யூனிஸ்ட் என்று சந்தேகப்பட்டாலே விசாரணை, வேலை பறிப்பு என்று ஒரு பயம் நாடு முழுக்கப் பரவியிருந்தது. காட்டுக்கு இது பிடிக்கவில்லை. 1953-ல் கிளம்பி கனடாவின் ஒட்டாவாவுக்குப் போய்விட்டார்.

1957-ல் மறுபடி ஐபிஎம்முக்குத் திரும்பினார். ஒரே கம்ப்யூட்டரில் பல புரோகிராம்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் எப்படி ஓடுவது என்ற சிக்கலில் வேலை பார்த்தார். பிறகு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1965-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அப்போது அவருக்கு வயது 40-ஐத் தாண்டியிருந்தது. தன்னைத்தானே நகலெடுத்துக்கொள்ளும் கட்டங்களைப் பற்றிய கணித ஆராய்ச்சி அது.

அதன் பிறகு கலிஃபோர்னியா மாநிலம் சான் ஹோசேயில் இருந்த ஐபிஎம் ஆராய்ச்சிக் கூடம். கதை திரும்பும் இடம் அதுதான்.

அப்போ டேட்டாவை எப்படி வச்சிருந்தாங்க?

1960-களில் பெரிய நிறுவனங்கள் தகவல்களை மரம் மாதிரி சேமித்து வைத்திருந்தன. மேலே ஒரு வேர், அதற்குக் கீழே கிளைகள், அதற்கும் கீழே இலைகள். ஐபிஎம்மின் ஐஎம்எஸ் என்ற மென்பொருள் இந்த வகை. நிலவுக்கு மனிதனை அனுப்பிய அப்பல்லோ திட்டத்தின் உதிரிப் பாகங்களைக் கணக்கு வைப்பதற்காக உருவானது. வேலையும் செய்தது, வருமானமும் கொடுத்தது.

சிக்கல் எங்கே? கேள்வி எந்தப் பக்கமிருந்து வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். வேரில் கடைகள், கிளையில் ஆர்டர்கள், இலையில் பொருட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கடை என்னென்ன வாங்கியது என்று கேட்டால் சுலபம். ஒரு பொருளை எந்தெந்தக் கடைகள் வாங்கின என்று திருப்பிக் கேட்டால் ஒவ்வொரு மரமாக ஏறி இறங்கணும்.

அதோடு, தகவல் எந்தப் பாதையில் இருக்கிறது என்பதைப் புரோகிராமருக்கு வரி வரியாக எழுதத் தெரிய வேண்டும். நாளைக்கு அடுக்கும் விதத்தை மாற்றினால் பழைய புரோகிராம்கள் எல்லாம் படுத்துவிடும். ஒரு புதுக் கேள்விக்குப் பதில் வேண்டும் என்றால், புரோகிராமருக்காக மேனேஜர் காத்திருக்க வேண்டிய நிலைமை.

1970: உலகத்தை மாத்தின ஒரு கட்டுரை

1969-ல் ஐபிஎம்முக்குள் ஒரு ஆய்வறிக்கை எழுதினார் காட். 1970 ஜூனில் அதன் விரிவான வடிவம் அமெரிக்கக் கம்ப்யூட்டர் அறிஞர்கள் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. பலர் பகிர்ந்து பயன்படுத்தும் பெரிய தகவல் வங்கிகளை எப்படி அமைப்பது என்பதுதான் அதன் பொருள்.

அவர் சொன்னதைச் சுருக்கினால் இரண்டே விஷயம்.

ஒன்று, எல்லாத் தகவலையும் வரிசைகளும் பத்திகளும் உள்ள டேபிள்களாக மட்டும் வையுங்கள். மரம், கிளை, அம்புக்குறி எதுவும் வேண்டாம்.

இரண்டு, பயன்படுத்துபவர் என்ன வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதும். அதை எப்படித் தேடி எடுப்பது என்பது கம்ப்யூட்டரின் பொறுப்பு.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ரிலேஷனல் என்ற பெயர் டேபிளுக்கும் டேபிளுக்கும் உள்ள தொடர்பிலிருந்து வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கணிதத்தில் கணங்கள் பாடத்தில் ரிலேஷன் என்று ஒன்று வரும். பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் 'உறவுகள்' என்று படித்திருப்பீர்களே, அதேதான். ஒரு டேபிளைத்தான் காட் ரிலேஷன் என்றார். ஆக, பள்ளிக்கூடக் கணக்கில் இருந்த ஒரு கருத்தை ஆபீஸ் கணக்குக்குக் கொண்டு வந்தவர் அவர்.

கேட்க சாதாரணமா இருக்கு, இல்லையா? இதன் அருமை தெரிய ஒரு உதாரணம் வேண்டும். அதற்கு நம்ம ஊர்ப் பக்கம் வரலாம்.

விருத்தாசலம் பீங்கான் நோட்டு

கடலூர் மாவட்டம் விருத்தாசலம். கோயிலுக்கும் ரயில் ஜங்ஷனுக்கும் பேர் போன ஊர் என்பதோடு பீங்கான் ஊரும்கூட. இங்கே செராமிக் தொழிற்பேட்டை இருக்கிறது. செராமிக் டிப்ளமோ சொல்லிக்கொடுக்கும் அரசு கல்வி நிறுவனமும் இருக்கிறது. அகல் விளக்கு, பொம்மை, ஜாடி, கரண்ட் ஃபியூஸுக்கான பீங்கான் கட்டை என்று பலதும் இங்கிருந்து வெளியூர் போகிறது.

அங்கே ஒரு சின்ன யூனிட் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஆர்டர்களை ஒரே நீள நோட்டில் எழுதுகிறார்கள். ஒவ்வொரு வரியிலும் தேதி, கடை பெயர், கடை ஊர், போன் நம்பர், பொருள், விலை, எண்ணிக்கை. பார்க்க ஒழுங்காத்தான் இருக்கு. ஆனால் மூன்று இடத்தில் உதைக்கும்.

முதல் உதை: மதுரையில் ஒரு கடை போன் நம்பரை மாற்றிவிட்டது. அந்தக் கடையின் பெயர் நோட்டில் 40 வரிகளில் இருக்கிறது. 39 வரிகளில் திருத்தினார்கள், ஒன்று விட்டுப்போச்சு. இப்போது அந்தக் கடைக்கு நோட்டில் இரண்டு நம்பர். எது சரி என்று நோட்டைப் பார்த்துச் சொல்லவே முடியாது.

இரண்டாவது உதை: புதுசா ஒரு ஊறுகாய் ஜாடி அச்சு தயார். விலையும் முடிவாகிவிட்டது. ஆனால் இன்னும் யாரும் ஆர்டர் தரவில்லை. விலையை எங்கே எழுதுவது? ஆர்டர் வந்தால்தானே இந்த நோட்டில் வரியே வரும்!

மூன்றாவது உதை: திருச்சியில் ஒரு கடை ஒரே ஒரு ஆர்டர் கொடுத்திருந்தது. அது கேன்சல் ஆனதால் அந்த வரியை அடித்தாயிற்று. கூடவே அந்தக் கடையின் போன் நம்பரும் போய்விட்டது. அடுத்த கார்த்திகைக்கு அவர்களைக் கூப்பிட வழியில்லை.

எக்ஸெல் ஷீட்டில் ஏற்றினாலும் இந்த மூன்றும் அப்படியே இருக்கும். ஏனென்றால் கோளாறு பேப்பரில் இல்லை, அடுக்கும் விதத்தில் இருக்கிறது. பீங்கான் வேலை தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். அச்சில் ஒரு கீறல் இருந்தால் அதிலிருந்து வரும் ஒவ்வொரு அகலிலும் அதே கீறல் வரும். சூளையில் வெந்த பிறகு அதை மறுபடி களிமண்ணாக்க முடியாது.

நோட்டைப் பிரிச்சா என்ன ஆகும்?

காட் சொன்ன வழி இதுதான்: ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் தனி டேபிள், ஒவ்வொரு உண்மைக்கும் ஒரே இடம்.

கடைகள் டேபிள்: கடை எண், பெயர், ஊர், போன்.

பொருட்கள் டேபிள்: பொருள் எண், பெயர், இன்றைய விலை.

ஆர்டர்கள் டேபிள்: ஆர்டர் எண், தேதி, கடை எண்.

ஆர்டர் விவரம் டேபிள்: ஆர்டர் எண், பொருள் எண், எண்ணிக்கை, விற்ற விலை.

இப்போது மதுரைக் கடை நம்பர் மாற்றினால் திருத்த வேண்டியது ஒரே ஒரு வரி. புது ஜாடிக்கு ஆர்டர் வராவிட்டாலும் பொருட்கள் டேபிளில் அதற்கு இடம் உண்டு. திருச்சி ஆர்டரை அழித்தாலும் கடை விவரம் பத்திரம். மூன்று உதையும் போச்சு.

நாலாவது டேபிள் எதற்கு என்று கேட்கலாம். ஒரு ஆர்டரில் பல பொருட்கள் இருக்கும். ஒரே பொருள் பல ஆர்டர்களில் இருக்கும். இப்படி இரண்டு பக்கமும் 'பல' என்று வந்தால் நடுவில் ஒரு டேபிள் போட்டே ஆக வேண்டும். புதிதாகப் படிப்பவர்கள் அதிகம் தடுமாறும் இடமும் இதுதான்.

இன்னொன்றைக் கவனித்தீர்களா? விலை இரண்டு இடத்தில் இருக்கிறது. அப்போ ஒரே உண்மை இரண்டு இடத்தில் வந்துவிட்டதா? இல்லை. அகலின் இன்றைய விலை வேறு, போன மாசம் அந்தக் கடைக்குப் போட்டுக் கொடுத்த விலை வேறு. இரண்டும் தனித்தனி உண்மைகள். விற்ற விலையைத் தனியாக எழுதாமல் விட்டால், இன்று விலையை ஏற்றியதும் பழைய பில்கள் எல்லாம் தானாக ஏறிவிடும். பாக்கி வசூலிக்கப் போகிற இடத்தில் சண்டைதான் வரும்.

சாவி எதுக்கு?

கடைக்குப் பெயர் இருக்கும்போது எண் எதற்கு? விருத்தாசலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். திருமுதுகுன்றம், பழமலை, விருத்தாசலம் எல்லாம் ஒரே ஊர்தான். விருத்தாச்சலம் என்று ஒற்று போட்டு எழுதுபவர்களும் உண்டு. படிக்கிறவருக்கு எல்லாம் ஒன்று என்று தெரியும். கம்ப்யூட்டருக்கு எழுத்து மாறினால் அது வேற ஊர்.

அதனால்தான் ரயில்வே அந்த ஸ்டேஷனுக்கு வி.ஆர்.ஐ. என்று மாறாத ஒரு கோட் வைத்திருக்கிறது. தபால் துறையும் 606001 என்று பின்கோடு வைத்திருக்கிறது. ஒரு வரிசையை மற்ற எந்த வரிசையோடும் குழப்பிக்கொள்ள முடியாதபடி அடையாளம் காட்டுவது பிரைமரி கீ, அதாவது முதன்மைச் சாவி.

ஆர்டர்கள் டேபிளில் கடை எண் 7 என்று இருந்தால், அது கடைகள் டேபிளின் 7-வது எண் கடையைக் காட்டுகிறது. இப்படி வேறொரு டேபிளின் சாவியைக் கொண்டுவந்து வைப்பது ஃபாரின் கீ. இதில் ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. 19 என்ற கடையே இல்லாதபோது அந்த எண்ணில் ஆர்டர் போட்டால் டேட்டாபேஸ் ஏற்றுக்கொள்ளாது. இல்லாத கடைக்குச் சரக்கு கிளம்பாது. இந்த இரண்டு சாவிகளும் 1970 கட்டுரையிலேயே இருக்கின்றன.

நார்மலைசேஷன்: பயமுறுத்தும் பேரு, எளிமையான வேலை

கல்லூரி மாணவர்களைப் பரீட்சையில் படுத்தும் பாடம் இது. நம்ம நோட்டை வைத்தே பார்த்தால் மூன்று சோதனைகள்தான்.

முதல் நிலை: ஒரு கட்டத்தில் ஒரு மதிப்புதான். 'அகல் 500, ஜாடி 20' என்று ஒரே கட்டத்தில் எழுதக் கூடாது. எழுதினால் மொத்தம் எத்தனை ஜாடி போயிருக்கிறது என்று கூட்ட முடியாது.

இரண்டாம் நிலை: ஆர்டர் விவரம் டேபிளுக்குச் சாவி என்பது ஆர்டர் எண், பொருள் எண் இரண்டும் சேர்ந்தது. அங்கே பொருளின் பெயரை எழுதினால் தப்பு. பெயர் தெரிய பொருள் எண் மட்டுமே போதும். சாவியின் பாதியை மட்டும் நம்பி நிற்கும் தகவலை வெளியே எடுங்கள்.

மூன்றாம் நிலை: ஆர்டர்கள் டேபிளில் கடையின் ஊரை எழுதினாலும் தப்பு. ஊர் என்பது ஆர்டரைப் பற்றிய தகவல் இல்லை, கடையைப் பற்றியது. சாவியை நேராகச் சொல்லாமல் நடுவில் இன்னொன்றைப் பிடித்துத் தொங்கும் தகவலையும் வெளியே எடுங்கள்.

முதல் நிலையை 1970-லும் அடுத்த இரண்டையும் அதற்கடுத்த ஆண்டுகளிலும் காட் வரையறுத்தார். பிறகு ஐபிஎம்மில் உடன் வேலை பார்த்த ரேமண்ட் பாய்ஸுடன் சேர்ந்து இன்னும் கறாரான ஒரு நிலையையும் கொடுத்தார். பாய்ஸ்-காட் நார்மல் ஃபார்ம் என்று பாடப்புத்தகத்தில் இருப்பது அதுதான். பாய்ஸ் 1974-லேயே சின்ன வயதில் இறந்துபோனார்.

கேள்வி கேட்கும் மொழி

டேபிள்களைப் பிரித்தாயிற்று. சேர்த்துப் பார்ப்பது எப்படி? அகல் விளக்கு வாங்கிய மதுரைக் கடைகள் எவை என்று தெரிய வேண்டும். பொருட்கள் டேபிளில் அகலின் எண்ணை எடு, ஆர்டர் விவரத்தில் அந்த எண் உள்ள வரிசைகளை எடு, அங்கிருந்து ஆர்டர், அங்கிருந்து கடை. சாவிகள் வழியே டேபிள்களை ஒட்டுவதற்கு ஜாயின் என்று பெயர்.

நல்ல விஷயம் என்னவென்றால், இந்த வழியை நீங்கள் வரி வரியாக எழுத வேண்டாம். எஸ்க்யூஎல் மொழியில் செலக்ட் என்று போட்டு என்ன வேண்டும் என்று சொல்லுங்கள். ஃப்ரம் என்று போட்டு எந்த டேபிள்கள் என்று சொல்லுங்கள். வேர் என்று போட்டு நிபந்தனையைச் சொல்லுங்கள். எந்த டேபிளை முதலில் தொடுவது, எந்த வரிசையில் தேடுவது என்பதை டேபிள்களின் அளவைப் பார்த்து டேட்டாபேஸே முடிவு செய்துகொள்ளும். மரத்தில் திருப்பிக் கேட்டால் திணறிய அதே கேள்விக்கு இங்கே பதில் சாதாரணமாக வரும்.

சொந்தக் கம்பெனியே ஏன் தயங்குச்சு?

இவ்வளவு நல்ல யோசனை என்றால் ஐபிஎம் உடனே பிடித்துக்கொண்டிருக்க வேண்டாமா? அதுதான் நடக்கவில்லை. பழைய ஐஎம்எஸ் நன்றாக விற்றுக்கொண்டிருந்தது. காசு கொட்டும் ஒரு பொருளுக்கு எதிராக, காகிதத்தில் மட்டுமே இருக்கும் ஒரு யோசனையை யார் நிறுத்துவார்கள்? டேபிள் முறையில் வேகம் வராது என்ற சந்தேகமும் பலருக்கு இருந்தது. அன்றைய கம்ப்யூட்டர்களின் திறனைப் பார்த்தால் அந்தச் சந்தேகத்திலும் நியாயம் இருந்தது.

காட் விடவில்லை. தன் யோசனையை வாடிக்கையாளர்களிடமே கொண்டுபோனார். வெளியே எழுதினார், பேசினார். 1974-ல், அவர் டாக்டர் பட்டம் வாங்கிய அதே ஆன் ஆர்பர் நகரில் ஒரு பெரிய விவாதம் நடந்தது. எதிர்த் தரப்பில் சார்லஸ் பாக்மன். முந்தைய ஆண்டுதான் கம்ப்யூட்டர் துறையின் உயரிய டூரிங் விருது வாங்கியவர். தகவல்களுக்கு நடுவே வழி கண்டுபிடித்துப் போகும் மாலுமி மாதிரி புரோகிராமரைப் பார்த்தவர் பாக்மன். அந்த வழி தேடும் வேலையே புரோகிராமருக்கு வேண்டாம் என்றவர், ஒரு காலத்தில் கடலுக்கு மேலே விமானம் ஓட்டிய காட்.

அதற்குள் சான் ஹோசேயில் சிஸ்டம் ஆர் என்ற சோதனைத் திட்டத்தை ஐபிஎம் தொடங்கியிருந்தது. அங்கே டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் சீக்வெல் என்ற மொழியை உருவாக்கினார்கள். அந்தப் பெயர் வேறொரு நிறுவனத்தின் டிரேட்மார்க் என்பதால் பின்னால் எஸ்க்யூஎல் ஆனது. இன்றைக்கும் பலர் அதை சீக்வெல் என்றே உச்சரிப்பது இதனால்தான். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரும் யூஜின் வாங்கும் இங்க்ரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸைக் கட்டினார்கள். இன்று இலவசமாகக் கிடைக்கும் போஸ்ட்கிரெஸின் முன்னோடி அது.

ஐபிஎம் ஆய்வுக் கட்டுரைகள் வெளியில் எல்லோருக்கும் கிடைத்தன. அதைப் படித்தவர்களில் ஒருவர் லாரி எலிசன். 1977-ல் இரண்டு நண்பர்களோடு ஒரு சின்ன கம்பெனி ஆரம்பித்தார். 1979-ல் ஆரக்கிள் சந்தைக்கு வந்தது. ஐபிஎம்மின் சொந்தத் தயாரிப்பு 1981-ல்தான் வந்தது, டிபி2 என்ற முக்கியமான தயாரிப்பு 1983-ல். யோசனை பிறந்த வீட்டுக்கு முன்னாடியே பக்கத்து வீடு கடை திறந்துவிட்டது. எலிசன் உலகப் பெரும் பணக்காரர்களில் ஒருவரானார். காட் கடைசிவரை ஆராய்ச்சியாளராகவும் ஆலோசகராகவுமே இருந்தார்.

விருதும், விடாத சண்டையும்

1976-ல் ஐபிஎம் தன் உயரிய ஃபெல்லோ பட்டத்தைக் கொடுத்தது. 1981-ல் டூரிங் விருது வந்தது. அந்த விருது உரையில் அவர் அழுத்தமாகப் பேசியது உற்பத்தித்திறன் பற்றி. புரோகிராம் எழுதத் தெரியாதவரும் தன் தகவலைத் தானே எடுத்துப் பார்க்க முடியும் என்பதுதான் அவருக்கு முக்கியமாகப் பட்டது.

1984-ல் ஐபிஎம்மிலிருந்து ஓய்வு. அப்போது நிலைமை தலைகீழ். ரிலேஷனல் என்ற சொல்லுக்கு மவுசு வந்ததும் பழைய மென்பொருளுக்கே அந்த லேபிளை ஒட்டி விற்க ஆரம்பித்தார்கள். கோபம் வந்த காட், 1985-ல் உண்மையான ரிலேஷனல் டேட்டாபேஸ் எப்படி இருக்க வேண்டும் என்று விதிகளை வெளியிட்டார். காட்டின் 12 விதிகள் என்று பெயர். ஆனால் பூஜ்யத்தில் ஆரம்பித்து 12 வரை எண்ணியதால் மொத்தம் 13!

தன் யோசனையில் பிறந்த எஸ்க்யூஎல் மீதே அவருக்குக் குறை இருந்தது. ஒரே டேபிளில் அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு வரிசைகளை அது அனுமதிக்கிறது என்பது ஒரு முக்கியக் குறை. ஒரே ஆர்டர் இரண்டு முறை ஏறினால் எது அசல், எது நகல்?

அவர் பெயரில் ஒரு சர்ச்சையும் உண்டு. 1993-ல் தகவல்களை அலசிப் பார்க்கும் ஓலாப் முறை பற்றி ஒரு அறிக்கை எழுதினார். அது ஒரு மென்பொருள் நிறுவனத்தின் ஆதரவில் எழுதப்பட்டது என்பதால் விமர்சனம் எழுந்தது. போலி லேபிளை எதிர்த்தவர் மீதே அப்படி ஒரு கேள்வி வந்தது.

2003 ஏப்ரல் 18-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் தன் வீட்டில் இதயக் கோளாறால் காலமானார். வயது 79. அடுத்த ஆண்டிலிருந்து டேட்டாபேஸ் துறையின் முக்கியமான ஆய்வு விருது அவர் பெயரால் வழங்கப்படுகிறது.

நமக்கு இதுல என்ன இருக்கு?

ரேஷன் கார்டில் ஒரு இனிஷியல், ஆதாரில் வேறு இனிஷியல், வங்கிப் பாஸ்புக்கில் இனிஷியலே இல்லை. ஒரே ஆள் மூன்று இடத்தில் மூன்று விதமாக இருக்கிறார். உதவித்தொகை வராமல் அலுவலகம் அலுவலகமாக அலைகிறவர்களை நம்ம ஊரில் பார்க்கிறோம். 40 வரிகளில் ஒன்றைத் திருத்தாமல் விட்ட நோட்டின் பெரிய வடிவம்தான் இது. ஒரே உண்மை பல இடத்தில் எழுதப்பட்டால் அவை என்றைக்காவது ஒரு நாள் ஒத்துப்போகாது. அதற்கான விலையைக் கொடுப்பது பெரும்பாலும் டேட்டாபேஸை வடிவமைத்தவர் இல்லை, வரிசையில் நிற்பவர்.

அதனால் எஸ்க்யூஎல் படிக்க ஆரம்பிப்பவர்கள் கமாண்டுகளை மனப்பாடம் செய்வதற்கு முன்னால் ஒரு பேப்பரையும் பென்சிலையும் எடுங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு கடை, ஒரு பட்டறை, ஒரு மளிகைக் கணக்கு எதுவானாலும் சரி. அதில் என்னென்ன பொருட்கள், ஆட்கள், நிகழ்வுகள் இருக்கின்றன என்று பட்டியல் போடுங்கள். ஒவ்வொன்றையும் எதை வைத்து அடையாளம் காண்பீர்கள் என்று எழுதுங்கள். ஒவ்வொரு தகவலையும் தொட்டு, இது யாரைப் பற்றியது என்று கேளுங்கள். அதன் பிறகு கம்ப்யூட்டரைத் திறக்கலாம்.

எஸ்க்யூலைட், போஸ்ட்கிரெஸ் இரண்டுமே இலவசம். பழக ஒரு சாதாரண லேப்டாப் போதும். காட் காகிதத்தில் எழுதிக் காட்டியபோது அந்த யோசனையை ஓட்டிப் பார்க்க அவரிடம் ஒரு மென்பொருள்கூட இல்லை.